குளம் கழுவும் இயந்திரம்

நீச்சல் குளத்தின் அடியில் ஊர்ந்து அழுக்கை உறிஞ்சும் இயந்திரம் அது. அதன் காப்புரிமை, அதைத் தயாரித்து விற்கும் பட்டறை முதலாளியின் பெயரில்தான் இருந்தது. ஆனால், முதலில் செய்தது தாங்களே என்று போட்டிக் கம்பெனிக்காரர் கோர்ட்டில் சாதித்தார். தோற்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கோர்ட் வராந்தாவில் முதலாளி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னை விட்டா எனக்கு நாதி இல்லம்மா. அது நம்ம வீட்லதான் உருவாச்சுன்னு சொல்ல வேற யாரு இருக்கா?”

“உள்ளதைச் சொல்லிடவா?”

“உள்ளதைச் சொல்லு, போதும்!”

கூண்டில் ஏறியவள் மளமளவென்று சொன்னாள். பழைய மிக்ஸியிலிருந்து கழற்றிய மோட்டார், இரண்டு முறை புகைந்தது, மூன்றாம் முறை தண்ணீர்த் தொட்டியில் ஊர்ந்தது, அந்தத் தேதி. எதிர்த்தரப்பு வக்கீல் தன் கோப்பை மூடி வைத்தார். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இவ்வளவு நுணுக்கமா உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் நீதிபதி.

“செஞ்சதே நான்தாங்க, ஐயா.”

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்ப இதைத் திருடினது யாரும்மா?”

அவள் போட்டிக் கம்பெனிக்காரரைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

“முதல்ல திருடினவரைச் சொல்லட்டுங்களா, ரெண்டாவதா திருடினவரைச் சொல்லட்டுங்களா?”