சுவருக்கு அந்தப் பக்கம்

மரம் அறுக்கிற மெஷினை நிறுத்தி நாளாச்சு என்கிறார் பக்கத்து வீட்டுத் தச்சர். இன்னும் ஓடுது என்கிறார் வழக்குப் போட்ட பெரியவர். யார் சொல்வது நிஜம் என்று பார்த்துவர நீதிமன்றம் ஒரு வக்கீலை அனுப்பியிருந்தது.

வக்கீலம்மா பெரியவரின் படுக்கையறைச் சுவரில் காதை வைத்துக்கொண்டே, "எப்பல்லாம் ஓடும் சார்?" என்றாள். பதில் இல்லை. மனுஷருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கேள்விப்பட்டிருந்தாள். திரும்பி நின்று மறுபடி கேட்டாள்.

"விடிஞ்சா ஆரம்பிச்சுடுவான்மா. என் சம்சாரத்துக்குத் தலையே வெடிச்சுடும். இப்ப அவளும் போய்ச் சேர்ந்துட்டா. அவ பட்ட பாட்டுக்காவது இதை நிறுத்தணும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"நீங்க வர்றது தெரிஞ்சு நிறுத்தியிருப்பான். எமகாதகன்."

பெரியவரையும் கூட்டிக்கொண்டு தச்சர் வீட்டுக்குப் போனாள். மெஷின் இருந்த அறையில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா போன மறுநாளே வித்துட்டேம்மா. இப்ப வெளியில கூலிக்குத்தான் போறேன்," என்றார் தச்சர். "அவங்க இருக்கும்போதே செஞ்சிருக்கணும். வீம்பு விடல. அண்ணன்கிட்ட சொல்லலாம்னு பின்னாடியே போய்க் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

"சத்தம் நின்னதுகூடவா சார் உங்களுக்குத் தெரியல?"

பெரியவர் அந்த வெறும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீலம்மா தோளைத் தொட்டதும் திரும்பி, அவள் உதட்டைப் பார்த்தார். மறுபடி கேட்டாள்.

"எனக்குக் காது போய் ரொம்ப வருஷமாச்சும்மா. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. சத்தம் கேக்குதுன்னு அவதான் சொல்லுவா. நின்னுடுச்சுன்னு சொல்ல அவ இல்லையே."