பின்னால் வந்த தொப்பி

“திரும்பிப் பார்க்காதே. அந்தத் தொப்பிக்காரன் இன்னும் நம்ம பின்னாலதான் வர்றான்” என்றார் ஆடிட்டர்.

சொல்லி முடிப்பதற்குள் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“பார்க்காதேன்னுதானே சொன்னேன்!”

“அப்படிச் சொன்னா பார்க்கத்தானே தோணும்? பாவம், யாரோ தனியா ஊர் சுத்திப் பார்க்க வந்திருக்கார்.”

“தனியா வந்தவன், நாம நின்னா எதுக்கு நிக்கணும்?”

ஞாயிற்றுக்கிழமை. பழைய நகரத்தின் வங்கித் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. பூட்டிய கதவுகளும் புறாக்களும்தான் துணை.

வழிகாட்டி யாரையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. “கைடுன்னு வர்றவன் கடைசியில தன் மச்சான் கடையில கொண்டுபோய் நிறுத்துவான்” என்பது அவர் கட்சி. செல்போனில் ஊரைச் சுற்றிக்காட்டும் ஒரு குரலை இறக்கி வைத்திருந்தார். இயர்போனின் ஒரு முனை அவர் காதில், மறுமுனை அவள் காதில். ‘இங்கே நில்லுங்கள், இடப்பக்கம் திரும்புங்கள், தலையை நிமிர்த்திப் பாருங்கள்’ என்று ஒரு பெண் சொல்லச் சொல்ல, இருவரும் வண்டிமாட்டு ஜோடி மாதிரி ஒட்டி நடந்தார்கள்.

அவளுக்கு வழியில் வரும் கட்டடங்கள் பொருட்டே இல்லை. கடைசியில் வரும் பழைய வங்கியின் பெரிய கூடம் ஒன்றைப் பார்த்தால் போதும். அவள் அப்பா அங்கே டைப்பிஸ்டாக இருந்தவர். கண்ணாடிக் கூரை வழியாக வெயில் கலர் கலராகத் தன் மேஜையில் விழும் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். ஞாயிறு மதியம் வரைதான் உள்ளே விடுவார்கள். நாளை ஊருக்குக் கிளம்ப வேண்டும். முட்டி இருக்கிற லட்சணத்தில் இன்னொரு பயணத்தை அவள் நினைத்தும் பார்க்க முடியாது.

இன்சூரன்ஸ் கட்டடத்தின் முன் நின்று இருவரும் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். தள்ளி நின்ற தொப்பிக்காரனும் சற்றுக் கழித்து அண்ணாந்தான். காதை மூடிய கம்பளித் தொப்பி. முகம் பாதிதான் தெரிந்தது.

“நான் பார்க்கிறதை அவன் எதுக்குப் பார்க்கிறான்?”

“கடிகாரத்தைப் பார்க்கத்தானே வச்சிருக்காங்க?”

அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். காலமெல்லாம் அடுத்தவர் கணக்கைச் சந்தேகப்பட்டே சோறு தின்றவர் ஆடிட்டர். எல்லாம் சரியாக இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வராது.

அவள் ஒரு வாசற்படியில் உட்கார்ந்து முட்டியை நீவிக்கொண்டாள். தொப்பிக்காரன் கண்ணெடுக்காமல் பார்த்தான்.

“கைப்பையை இங்க கொடு. அதுலதான் கண்ணு அவனுக்கு.” வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். “எழுந்திரு. இந்தச் சந்துல புகுந்து அவனைக் கழட்டி விட்டுடலாம்.”

“குரல் நேராப் போகச் சொல்லுதே?”

“குரலுக்கு என்ன தெரியும்? அதுக்கு முதுகுல கண்ணா இருக்கு?”

சந்து வளைந்து வளைந்து போயிற்று. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். ஒருவழியாகப் பழைய வங்கியின் முன் வந்து சேர்ந்தபோது ஆடிட்டருக்குப் பகீரென்றது.

பின்னால் விட்டுவிட்டு வந்தவன் அங்கே முன்னால் நிற்கிறான்!

அவள் அவனைப் பார்க்கவில்லை. வாசல்வரை ஏறிப்போன கல்படிகளைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

“என்னால முடியாதுங்க. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க. கூரை என்ன கலர்னு மட்டும் சரியாப் பார்த்துக்கோங்க.”

ஆடிட்டர் காதில் அது அரைகுறையாகத்தான் விழுந்தது. தொப்பிக்காரன் வாட்ச்மேனிடம் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். நடுவில் கையை நீட்டி இவளைக் காட்டினான். வாட்ச்மேன் தலையாட்டிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனான்.

“பார்த்தியா? உள்ளேயும் ஆள் வச்சிருக்கான்!”

“என்னங்க, வேண்டாம்...”

அவள் தடுப்பதற்குள், தெருமுனையில் நின்ற போலீஸ்காரரிடம் போய்விட்டார். “காலையிலேருந்து எங்களையே தொடர்ந்து வர்றான் சார். ஆள் சரியில்லை.”

போலீஸ்காரர் தொப்பிக்காரனை ஓரமாகக் கூட்டிப்போய்ப் பையைத் திறக்கச் சொன்னார். ஆடிட்டருக்கு மனசு குளிர்ந்தது. மனைவியிடம் வந்து மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போது வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“முட்டி வலிக்காரம்மா நீங்கதானே? பின்பக்கமா வாங்கம்மா, லிஃப்ட்டைத் திறந்துட்டேன். சாமான் ஏத்துற லிஃப்ட்டு. ஞாயித்துக்கிழமை ஓட்டுறதில்லைன்னு சொல்லிப் பார்த்தேன். தொப்பி போட்ட ஐயா விட்டால்தானே! ‘அந்தம்மா தெரு முழுக்க நொண்டிக்கிட்டே வந்தாங்க, வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பாதேப்பா’ன்னு ஒத்தைக்கால்ல நின்னார். சீக்கிரம் வாங்க, கூடத்தை மூடப்போறாங்க.” சுற்றும்முற்றும் பார்த்தான். “ஆமா, அவரு எங்க? அவரும் இன்னும் பார்க்கலையே?”

அவள் புருஷனைப் பார்த்தாள். கோபிக்கக்கூட இல்லை.

“போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. அவர் வராம நான் மேலே வரமாட்டேன்.”

ஆடிட்டர் தயங்கித் தயங்கிப் போனார். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்ற வைத்திருந்தார். நரைத்த தலை. இரண்டு காதிலும் இயர்போன்.

“என்னய்யா கேட்டுக்கிட்டு வந்தே?” போலீஸ்காரர் போனை வாங்கி, இயர்போனைப் பிடுங்கிவிட்டு எதையோ அழுத்தினார்.

காலையிலிருந்து ஆடிட்டர் காதில் ஒலித்த அதே பெண் குரல், தெரு முழுக்கக் கேட்டது.

‘பழைய வங்கிக்கு வந்துவிட்டீர்கள். இப்போது தலையை நிமிர்த்திப் பாருங்கள்.’

தொப்பிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ஆடிட்டரால் முடியவில்லை.