மணி அடிக்காத மெஷின்

சிகாகோவில் வாரன் வீட்டு நிலவறையில், பந்தை விட்டு மணியடிக்க வைத்து ஆடும் ஐம்பது வயதுப் பின்பால் மெஷின் புதுசு போல மின்னியது. மணி மட்டும் அடிக்கவில்லை.

"இந்த ரெண்டு ஒயரையும் இடம் மாத்திப் பத்த வைப்பா," என்றாள், ஏணி கேட்டு வந்த பக்கத்து வீட்டு லொரெய்ன் அம்மாள்.

"சும்மா இருங்கம்மா. இது ஃபேக்டரியில பத்த வெச்சது. செஞ்சவங்க உள்ள பென்சில்ல பூ வரைஞ்சிருக்காங்க பாருங்க. அந்தக் கை தப்புப் பண்ணாது. நான் தொட மாட்டேன்."

"அப்ப நகரு."

பிளக்கைப் பிடுங்கி, சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தாள். இரண்டே நிமிடம். மறுபடி பிளக்கைச் செருகி வாரன் பந்தை விட்டான். மணி கணீரென்றது.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"அன்னைக்கு அந்த ஃபேக்டரியில எனக்குக் கடைசி நாள். சாயந்தரம் கல்யாணம். கை ஒயர்ல இருந்துச்சு, கண்ணு கடிகாரத்துல."

பென்சிலை எடுத்து, பழைய பூவின் பக்கத்தில் அச்சு அசலாய் இன்னொன்று வரைந்தாள்.