கண் போடாத மயில்

மாப்பிள்ளையின் அம்மா செல்லியம்மாள் பெண்ணைப் பார்க்கவில்லை. டி.வி. பெட்டியைத்தான் பார்த்தாள்.

சரியாகச் சொன்னால், டி.வி. மேல் போர்த்தியிருந்த உறையை. வெள்ளைத் துணியில் தோகை விரித்த மயில். நீலமும் பச்சையுமாக எம்பிராய்டரி. சிட்லபாக்கம் முழுக்க அந்த மயில் பிரசித்தம். ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க வரும் கூட்டத்தில் பாதி, மயிலைப் பார்க்க வந்ததுதான். மழை இருட்டும்போது அது அகவியதைத் தன் காதால் கேட்டதாக எதிர்வீட்டுக்காரர் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணவே தயார்.

"யாரு போட்டது?" என்றாள் செல்லியம்மாள்.

"எல்லாம் எங்க காந்திமதிதாங்க."

பெண்ணின் அம்மா கங்கையம்மாளின் வாய் சொல்லிவிட்டது.

போட்டவள் மூத்தவள், ஞானசௌந்தரி. மூன்று வருஷத்துக்கு முன் மனசுக்குப் பிடித்தவனோடு மாதா கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டு போனவள். அன்றைக்கே தலை முழுகியாயிற்று. போட்டோவைக் கிழித்தாள், ரேஷன் கார்டில் பேரை அடிக்கச் சொன்னாள் கங்கையம்மாள். மயிலை மட்டும் விட்டுவைத்தாள். கேட்டால், "டி.வி.க்குத் தூசி படக் கூடாதே" என்பாள்.

இதற்கு முன் வந்த இடங்களெல்லாம் மூத்தவள் கதை தெரிந்ததும் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போயின. அதனால் இந்த முறை தரகரிடம் ஒரே பெண் என்று சொல்லியாகிவிட்டது. அஸ்தினாபுரத்து இடம். பையன் அரிகிருஷ்ணனுக்குக் கிண்டியில் வேலை. இதுவும் தட்டிப்போனால் காந்திமதிக்கு இனி வாசலில் செருப்பு கழற்ற ஆள் வராது.

செல்லியம்மாள் எழுந்து போய் உறையை உருவினாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணியை உள்பக்கமாகத் திருப்பினாள்.

"முன்பக்கம் ஊருக்குக் காட்றது. பின்பக்கம்தான் நெசம்" என்று விரலால் தடவினாள். "ஒரு முடிச்சு தட்டல. நல்ல கை."

கங்கையம்மாளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே நின்றது.

"ஆமா, மயிலுக்குக் கண்ணு எங்க?"

கண் இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் வட்டம் மட்டும் இருந்தது. சௌந்தரி வீட்டை விட்டுப் போன அன்று மிச்சம் வைத்தது.

"அது... வூட்டு வேலையில அப்படியே வுட்டுட்டாக்கா."

"இப்ப போடட்டும். ஒரு கண்ணுதானே."

"நல்ல நாளும் அதுவுமா ஊசி எதுக்குக்கா? கேசரி ஆறுது பாருங்க."

"கேசரி எங்க வூட்லயும் கீது. கைவேலை தெரிஞ்ச மருமவதான் இல்ல."

"ஊசி எங்க வெச்சாளோ, தேடணுங்க" என்று கங்கையம்மாளின் புருஷன் தசரதன் தன் பங்குக்கு முட்டுக் கொடுத்தார்.

செல்லியம்மாள் கைப்பையைத் திறந்தாள். கறுப்பு நூல் கோத்த ஊசி ஒன்றை எடுத்துக் காந்திமதியிடம் நீட்டினாள். பூவும் பழமும் கொண்டுவருகிற இடத்துக்கு ஊசியும் நூலும் எடுத்துவருவார்களா என்று கங்கையம்மாளுக்குத் தோன்றவில்லை. தோன்றுகிற நிலைமையில் அவள் இல்லை.

"அம்மா, வுடும்மா" என்றான் அரிகிருஷ்ணன்.

"நீ சும்மா இருடா. நாளைக்குப் பொத்தான் பிஞ்சா நீயா தைப்ப?"

காந்திமதி ஊசியை வாங்கிக்கொண்டாள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கக்கூடத் தெரியாத பெண். எதையாவது குத்தி வை என்று கங்கையம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். பெண் அந்தப் பென்சில் வட்டத்தைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஊசியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு எம்பிராய்டரி தெரியாதுங்க. இது எங்க அக்கா போட்டது."

"ஏய்" என்றாள் கங்கையம்மாள். பாதிதான் வெளியே வந்தது.

"அக்காவா? ஒரே பொண்ணுன்னு இல்ல சொன்னாங்க?"

"ரெண்டு பேருங்க. அவளுக்குப் புடிச்சவரைக் கட்டிக்கினு பூட்டா. அதுக்காக எனக்கு அக்காவே இல்லன்னு ஆயிடுமா? அவ போட்ட மயிலுக்கு நான் பேர் வாங்கிக்க மாட்டேன். கண்ணும் அவதான் போடணும்."

தசரதன் மின்விசிறியைப் பார்த்தார். செல்லியம்மாள் துணியை நாலாக மடித்தாள்.

"அரி, எழுந்திரு."

பையன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். இதுவும் போயிற்று. செல்லியம்மாளும் வாசல்பக்கம் திரும்பினாள். மடித்த துணி அவள் கையிலேயே இருந்தது.

"அக்கா, அந்தத் துணியக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் கங்கையம்மாள்.

"எதுக்கு?"

"டி.வி.க்குத்... தூசி படும்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செல்லியம்மாள் திரும்பி வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"கூடப் பொறந்தவளையே இல்லன்றவ, நாளைக்கு என்னையும் இல்லன்னுடுவா. அதைப் பாக்கத்தான் ஊசியோட வந்தேன். எனக்குப் பொண்ணு புடிச்சிருக்கு."

"அரி தம்பி கோவிச்சிக்கினு போவுதே?"

"கோவமா? எங்க வூட்டுப் பின்போர்ஷன்ல ஒருத்தி குடியிருக்கா. எந்நேரமும் இந்த மயில் பேச்சுதான். 'என் தங்கச்சிக்குப் பொய் சொல்ல வராது, போய்ப் பாருங்க'ன்னு எங்களை அனுப்பினதே அவதான். நான் வந்தா கதவைச் சாத்திடுவாங்கன்னு, ஊசியில நூலை மட்டும் கோத்துக் குடுத்துட்டு, தெருமுனையில ஆட்டோலயே உக்காந்துக்கினு கீறா. அரி அவளைக் கூட்டினு வரட்டும். கண்ணை அவளே போடட்டும்."