ஆறாயிரம் கெல்வின்

"பல்பு கோளாறா, இவன் கோளாறா? அதை மட்டும் சொல்லும் பாய்."

புடவைக் கடை பொன்ராஜ் அண்ணாச்சி இரண்டு ஹெட்லைட் பல்புகளையும் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். தி.நகரில் மெஹபூப் அலியின் கார் உதிரிபாகக் கடை. மதிய நேரம். வாங்க வந்திருந்த இரண்டு மூன்று பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

"நேத்து சாயங்காலம் ஏழு மணி. பனகல் பார்க் பக்கம் ஒரு பொம்பளை ரோட்டைத் தாண்டுது. இவன் பாட்டுக்கு நேரே போறான். பின்னால இருந்த என் பேத்தி கத்தலைன்னா அந்தப் பொம்பளை போயிருக்கும். கேட்டா வெளிச்சம் பத்தலைங்கான்."

டிரைவர் தேசிங்கு கார் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சத்தியமா பத்தல மொதலாளி. எதிர்ல வண்டி வந்தா ஒண்ணுமே தெர்ல."

"இதைத்தானே ரெண்டு மாசமா சொல்லுத? பல்பு நல்ல பல்புன்னு பாய் சொல்லிட்டார்னா, சாவியை இங்கனயே வச்சுட்டு வீட்டுக்குப் போயிரு. பதினொரு வருசம்னு பாக்க மாட்டேன்."

தேசிங்குக்கு ஐம்பத்தாறு வயது. ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்த பிறகு பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறார்.

"முன்னாடி என்ன பல்பு போட்டிருந்தே?" என்றார் மெஹபூப் அலி.

"வண்டியோட வந்த மஞ்சா பல்பு பாய். அப்பால நாலாயிரத்து முந்நூறு கெல்வின். போன மாசம் இந்த ஆறாயிரம். எட்டாயிரம் கீதா? இருந்தா அதக் குடு."

"எட்டாயிரம்னா வெளிச்சம் அதிகமாகாது தேசிங்கு. கெல்வின்ங்கிறது கலர்தான். நம்பர் ஏற ஏற மஞ்சள் போய் வெள்ளையாகும், அதுக்கு மேல நீலம். வெளிச்சத்துக்கு லூமன்னு வேற கணக்கு. நீலத்தைப் போட்டா மழையில ரோடே தெரியாது."

"பாடம் அப்புறம் எடும்" என்றார் பொன்ராஜ். "இது நல்ல பல்பா?"

மெஹபூப் அலி ஷட்டரைப் பாதி இறக்கினார். கடை விளக்கை அணைத்தார். பேட்டரியிலிருந்து இரண்டு வயர்களை இழுத்துப் பல்பில் வைத்தார்.

சுவர் பளீரென்று வெளுத்தது.

"அடேங்கப்பா!" என்றார் வைப்பர் வாங்க வந்தவர்.

"பாத்தியால? பட்டப்பகல் மாதிரில்லா எரியுது! வை சாவியை."

தேசிங்கு சாவியை மேஜைமேல் வைத்தார். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டார். மெஹபூப் அலி சுவரைப் பார்க்கவில்லை. தேசிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதீங்க அண்ணாச்சி. பல்பு சரியில்ல."

"எரியுதே வேய்!"

"கடையில எரியும். ரோட்டுல நிக்காது. டூப்ளிகேட்."

"தெரிஞ்சேவா வித்தீரு?"

"தெரிஞ்சுதான்."

பில் போட்டுக்கொண்டிருந்த மெஹபூப் அலியின் மகள் ருக்சார், "அப்பா!" என்று எழுந்தாள். உட்காரு என்று கையைக் காட்டினார்.

பொன்ராஜ் மெஹபூப் அலியின் பக்கம் திரும்பினார்.

"நானூறு ரூவா லாபத்துக்கு ஒரு உசிரா? ஒரு புடவை சாயம் போச்சுன்னா நான் கூப்பிட்டு மாத்திக் குடுக்கேன். நீரு ஆளைக் கொல்லப் பாத்திருக்கீரு. வியாபாரி சங்கக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லுவேன், பாரும்."

"சொல்லுங்க. தப்பு என்னுது. பல்பு சூட்டுல ஹோல்டரும் இளகியிருக்கும். வேற கடையில வாங்கிப் போட்டாலும் கருகிடும். எல்லாத்தையும் என் செலவுல மாத்தித் தரேன். சரக்கு வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் இருட்டினா வண்டியை எடுக்க வேண்டாம்."

வைப்பர் வாங்க வந்தவர் எடுத்ததை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குனிந்து ஷட்டருக்கு வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள்.

பொன்ராஜ் சாவியை எடுத்துத் தேசிங்கின் கையில் திணித்தார்.

"உன்னையப் போயி ஏசிட்டேன். மனசுல வச்சுக்காத. பாய்கிட்ட ஹோல்டரைக் காட்டிட்டு வண்டியைக் கடைக்குக் கொண்டா." வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஏறினார். ஏறும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

தேசிங்கு காருக்குப் போனதும் ருக்சார் பொரிந்தாள்.

"அந்த டப்பாவை நான்தான் சீல் உடைச்சுக் குடுத்தேன். அது கம்பெனி பல்பு. ஏம்ப்பா பொய் சொன்னீங்க? இனிமே யார் வருவாங்க நம்ம கடைக்கு?"

அவர் கடையிலிருந்து இறங்கிக் காரின் அருகே போனார்.

தேசிங்கின் முகத்தில் சிரிப்பு திரும்பியிருந்தது. "பல்புதான்னு நான் சொல்லிக்கினே இருந்தேன் பாய். யார் கேக்கறாங்கோ?"

"பகல்ல ஓட்டறப்போ நல்லாத் தெரியுதா?"

"பகல்ல ஒரு தொந்தரவும் இல்ல. எதிர்ல லைட்டு அடிச்சாத்தான் எல்லாம் பூசினாப்ல கீது. இப்போ கடைல நீ போட்டதுகூட அப்டித்தான் இருந்திச்சு."

மெஹபூப் அலி கார் ஜன்னலில் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பல்பு நல்ல பல்பு தேசிங்கு. மூணு வாரம் கேட்டது உன் கண்ணுக்கு. புரையாத்தான் இருக்கும், எனக்கும் போன வருஷம் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, மூணு வாரத்துல சரியாச்சு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வா, நானும் வரேன். வரலைன்னா, ஒன்பது மணிக்கு அண்ணாச்சி கடையில போய் உண்மையைச் சொல்லிடுவேன்."