தானாகத் திறக்கும் ஷட்டர்

“மறுபடியும் ஷட்டர் சுவிட்சு மேனுவல்லயா? கம்ப்யூட்டரை என்ன அழகு பார்க்கவா வாங்கிப் போட்டிருக்கு?”

ராஜபாளையம் நூற்பாலையில் மேனேஜர் அகமது கபீர் கத்திய கத்தலில் ஆபரேட்டர் இருதயம் இரண்டடி பின்வாங்கினார்.

“ஈரக்காத்து கொறஞ்சா நூல் அறுந்துருது சார். அந்த வயரு...”

“வாயை மூடும்! எப்ப ஷட்டரைத் தொறக்கணும், எப்ப மூடணும்னு அதுக்குத் தெரியும். தினம் நான் மாத்திட்டுப் போறேன். நான் அங்கிட்டுப் போனதும் நீர் திருப்பிடுறீரு!”

சுவிட்சைக் கம்ப்யூட்டர் பக்கம் தள்ளினார். செத்த நேரத்தில், மேலே சுவரிலிருந்த ஈரக்காற்று ஷட்டர் மெல்லத் திறக்க ஆரம்பித்தது.

“பாத்தீரா? யாராவது தொட்டாங்களா?”

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. ஷட்டர் பாதியில் நின்றது.

“ஏன் நின்னுட்டுது?”

“சங்கு ஊதிட்டுல்லா சார். பால்துரை சாப்பிட எறங்கிருப்பான்.”

“எந்தப் பால்துரை?”

“சுவத்துக்கு அந்தப் பக்கம் ஏணியில நின்னு ஷட்டரக் கையால சுத்துறவன். மோட்டாருக்கு வார கம்ப்யூட்டர் வயரை எலி கடிச்சுட்டு. சொல்ல வந்தா வையிறிய. நீங்க சுவிட்சத் தள்ள வாரதப் பாத்ததும் அவன் ஏறிருவான். ஒரு மாசமா அவன்தான் சார் கம்ப்யூட்டரு.”