பேர் சொல்லும் கோலாட்டம்

குச்சியும் குச்சியும் முட்டும்போது எதிரே நிற்பவரின் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அதுதான் விதி என்றார் பெர்சனல் ஆபீசர்.

மெட்ராசிலிருந்து புதிதாக வந்தவர். வேலைநிறுத்தம் முடிந்து மில் திறந்த பிறகும் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கண்டுபிடித்து, எண்பத்திரண்டாம் வருஷத்துச் சாரலில் எல்லோரையும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்திருந்தார்.

பங்களாவின் புல்தரையில் இரண்டு வட்டம். வெளிவட்டத்தில் மெஷினில் நிற்கும் பெண்கள். உள்வட்டத்தில் ஆபீசர்கள், கிளார்க்குகள், மேஸ்திரிகள். நாலு தட்டு தட்டியதும் பெண்கள் ஒரு ஆள் தள்ளிப் போக வேண்டும்.

தென்காசிக் கடையில் வாங்கிய குச்சிகள். நனைந்த சிவப்புச் சாயம் உள்ளங்கையெல்லாம் ஒட்டியது.

மாரித்தாய்க்கு உடம்பு எரிந்தது.

சங்கம் வைத்ததற்காக வேலையைவிட்டு நிறுத்திய ஏழு பெண்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி, நாற்பது நாள் கேட் முன்னால் வெயிலில் உட்கார்ந்தவள் அவள். நாற்பத்தொன்றாம் நாள் விடிகாலையில் பன்னிரண்டு ஆண்களைச் சேர்த்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனான் நயினார். மெஷின் ஓடும் சத்தம் கேட்டதும் வெளியே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அந்த ஏழு பேரை எடுக்கவே இல்லை. மாரித்தாயோடு ஒரே மெஷினில் நின்ற வள்ளித்தாய் இப்போது இலத்தூர்ப் பக்கம் கல் சுமக்கிறாள். நயினார் மேஸ்திரி ஆகிவிட்டான்.

மாரித்தாய் அவனோடு பேசி ஏழு மாசமாகிறது.

முதலில் பெண்களுக்குக் கூச்சம். மேனேஜரை எப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? வாய்க்குள் முனகினார்கள். சத்தம் போதாது என்று ஆபீசர் கத்தினார்.

ஸ்டோர் கிளார்க்கின் முறை வந்தபோது, "கிதிர் முகம்மது" என்றாள் மாரித்தாய். நாலு தட்டு. நகர்ந்தாள்.

எதிரே நயினார்.

புதுச் சட்டை. பையில் பேனா.

பக்கத்துப் பெண்கள் தட்டுவதை மறந்து அவளைப் பார்த்தார்கள். விரலில் போட்டு உடைத்துவிடுவாள் என்று நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவன் உதடு அசையாமல் சொன்னான். "ஏட்டி, சும்மா தட்டிட்டுப் போயிரு. எல்லாரும் பாக்குதாவ."

பார்க்கட்டும்.

ஓங்கி அடித்தாள். அவன் குச்சி தெறித்துப் புல்லில் விழுந்தது.

"ஏலே நயினாரு!"

வட்டம் அப்படியே நின்றது. தூக்கிய குச்சிகளைத் தாழ்த்த ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அடிபடாத நயினாரின் முகம் அடிபட்டவன் முகமாக வெளுத்திருந்தது.

பெர்சனல் ஆபீசருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். இந்தச் சத்தம்தான் வேண்டும் என்று கைதட்டினார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ரேஷன் கார்டு எழுத வந்தவர் கேட்டபோதுகூட, மூத்தவனை முன்னால் தள்ளி அவனைச் சொல்ல வைத்தவள் மாரித்தாய். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், புருஷன் பெயர் அவள் வாயில் வந்தது அன்றைக்குத்தான்.